வெள்ளைக் கிடாயின் ரோமம்

22-3-1964, ஞாயிறு

முதலாளி சேட் காரில் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். போகும்போது இந்த டைரியைக் குப்பையில் போடச் சொன்னார். பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். எப்படிப் போடுவது? எனக்கு வைத்துக்கொண்டேன். என்னைக் கட்டிய மச்சானுக்குத் தமிழ் பேசத்தான் வரும். தாராவியில் பிறந்து உருதுப் பள்ளியில் படித்தவர். ஆகவே இதை ஒளித்து வைக்கும் வேலையும் இல்லை.

நேற்றோடு எனக்கு ஆறு மாதம் முடிந்தது. முன்னே தரித்த இரண்டும் ஐந்து மாதத்தைத் தாண்டவில்லை. ஆறு தாண்டினால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வெள்ளைக் கிடாயை அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பதாக மச்சான் நேர்ந்திருந்தார். தாண்டிவிட்டது. இன்று அதன் கழுத்தில் பச்சைத் துணி கட்டினார். சேட்டின் செம்மறி ஆடுகள் பதினொன்றும் கறுப்பு. இது ஒன்றுதான் வெள்ளை, இது ஒன்றுதான் எங்களுடையது.

25-3-64

வெயில். உள்ளே பிள்ளை நீந்துகிறது. நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சோறு அடிப்பிடித்தது.

28-3-64, சனி

ரோமம் கத்தரிக்கும் வேலை தொடங்கியது. இரண்டு நாளுக்கு முன்பே குட்டையில் இறக்கிக் குளிப்பாட்டிக் காயவிட்டாயிற்று. மச்சான் ஆட்டைச் சாய்த்து, காலைக் கட்டி, வயிற்றிலிருந்து கத்தரியை விடுகிறார். நான் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். மடிப்பு விழுந்தால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். ரோமம் சட்டை கழற்றுவது மாதிரி ஒரே துண்டாக வருகிறது. ரோமம் போன ஆட்டை மற்றவை அடையாளம் தெரியாமல் முட்டுகின்றன. நேற்று வரை ஒன்றாகப் படுத்துக் கிடந்தவைதான்.

புல்லுக்கட்டு கொண்டுவரும் ஆறுமுகத்தாய் வேலியோரம் நின்று பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்னைவிட ஒரு மாதம் முன்னே. இந்த வயிற்றோடு ஆண்டாப் ஹில்லிலிருந்து தலைச்சுமையாகப் புல் கொண்டுவருகிறாள். என்னைப் பார்த்து, “ஏன்க்கா இப்படிக் குனியுதீங்க?” என்கிறாள். யார் யாரைச் சொல்வது!

29-3-64

மச்சான் தவிடு வாங்கக் குர்லா போனார். பதினொன்றும் முடிந்துவிட்டது. வெள்ளைக் கிடாய் மட்டும் ரோமத்தோடு வேலியடியில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. பாவம், வெயில் என்று கத்தரியை எடுத்தேன்.

வெயிலுக்காகத்தானா? எழுதுகிறபோதாவது உண்மையைச் சொல், நூர் நிஷா. அந்த வெள்ளை ரோமத்தில் பிள்ளைக்கு ஒரு தலையணை. ஒரு மாதமாக மனசில் அதுதான் இருந்தது.

உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அசையவே இல்லை. கத்தரி போகப் போக உள்ளே இன்னும் வெள்ளை. அதன் சூடு என் வயிற்றில் பட்டது. பிள்ளை அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தது. சத்தியமாகத் திரும்பியது.

மாலையில் மச்சான் பார்த்துவிட்டு, வெயிலுக்கு நல்லதுதான் என்றார். ரோமத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2-4-64

தலையணை தைத்து முடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். மத்தியானம் அதை எடுத்து அதில் தலை வைத்துக் கண்ணயர்ந்தேன். கனவில் ஆடுகளுக்கு நடுவே ஒரு பிள்ளை நடந்து போகிறது. முதுகுதான் தெரிகிறது. கூப்பிடலாம் என்றால் பேர் தெரியவில்லை. பேர் வைக்காமல் எப்படிக் கூப்பிடுவது என்று கனவிலேயே அழுதேன்.

7-4-64

காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

8-4-64

சாயங்காலம் அசைந்தது. ஒரே ஒரு தடவை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. நேர்ந்துவிட்ட கிடாய், அதன் இறைச்சியில் ஒரு துண்டு நாங்கள் சாப்பிடக் கூடாது என்று தெரியும். அப்படியென்றால் ரோமம்? யாரிடமாவது கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கலை? கூடாதுன்னு சொல்லிருவாங்கன்னுதான் கேட்கலை. வேற என்ன! எந்தப் பிள்ளைக்காக நேர்ந்தாரோ அந்தப் பிள்ளை பேரைச் சொல்லி நானே களவாண்டுட்டேனே. இதுக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்குவேன்?

9-4-64

சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் இந்த டைரியை எடுத்து மச்சான் எதிரே உட்கார்ந்து மார்ச் 29-ஐ வாசித்தேன். அவர் கடைக் கணக்கோ என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார். நேற்று எழுதியதையும் வாசித்தேன். ஒரு பீடியைப் பற்றவைத்துக் கடைசி வரை இழுத்து அணைத்தார்.

“தெரியாமச் செஞ்சா அப்புறமாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடலாம் புள்ள. நீ தெரியவே கூடாதுன்னுல்லா இருந்திருக்கே.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

10-4-64, வெள்ளி

ஜும்மா முடிந்ததும் மச்சான் தாராவிப் பள்ளிவாசலில் கரீம் பாட்சா லெப்பையைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். நேர்ச்சைக்குப் பங்கமில்லையாம். ஆனால் ரோமமும் ஏழைக்குரியது; பெருநாளைக்கு முன்னே ஓர் ஏழை கையில் கொடுத்துவிட வேண்டுமாம். பங்கமில்லை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

12-4-64

பம்பாய்க்காரனுக்கு ஏப்ரல் மாதத்தில் ஆட்டு ரோமத்தைத் தானம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்! மச்சான் தலையணையோடு மாஹிம் தர்காவுக்குப் போனார். வாசலில் கையேந்தி இருப்பவர்களில் ஒருவன் உள்ளே பணம் இருக்கிறதா என்று பிசைந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். ஒரு கிழவி மூட்டைப்பூச்சி வரும் என்றாளாம். இன்னொருவன் விசிறி கேட்டானாம். போனபடியே அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, வெட்கமில்லாமல், உள்ளூர ஒரு சந்தோஷமும்.

15-4-64

நாலு நாளாக ஆறுமுகத்தாயைக் காணவில்லை. இன்று புல்லுக்கட்டோடு அவள் புருஷன் பூலோகம் வந்தான். எட்டு மாதத்திலேயே ஆண் பிள்ளை பிறந்துவிட்டதாம், சுமையைத் தலையிலிருந்து இறக்கின அன்றே.

“உள்ளங்கையில அடங்கிருவான்க்கா. இந்த வெயில்லயும் உடம்பு சில்லுன்னு கெடக்கு. சூடு விடாம வச்சுக்கன்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போச்சு. எங்ககிட்ட என்ன இருக்கு, கந்தச் சேலதான்.”

அவன் சொல்லி முடிக்கும் முன்பே நான் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டேன். ஆனால் ஒரு பிடி மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று விரல் தையலுக்குப் போனது. எழுதத்தான் வேண்டும் இதையும். எடுக்கவில்லை.

மச்சானும் நானும் பஸ் பிடித்து அவர்கள் குடிசைக்குப் போனோம். தலையணையைப் பிரித்து, ரோமத்தை ஒரு கூடையில் பரப்பி, மேலே மெல்லிய துணி விரித்து, பிள்ளையை நடுவில் வைத்தோம். இவ்வளவு சின்ன முகத்தை நான் பார்த்ததில்லை. என்னுடைய இரண்டுக்கும் முகம் இருந்ததா என்றுகூட யாரும் எனக்குக் காட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆறுமுகத்தாய் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிள்ளைக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

23-4-64

ஹஜ்ஜுப் பெருநாள். கிடாயின் கழுத்துத் துணியை நான்தான் அவிழ்த்தேன். விரற்கடை அளவு ரோமம் திரும்ப முளைத்திருந்தது. தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இறைச்சி முழுவதும் தாராவிக்குப் போயிற்று. கூடைப் பிள்ளை பால் குடிக்கிறானாம்.

17-6-64

பெண். அழுதாள், முகம் பார்த்தேன். ஹபீபா.

26-7-64, ஞாயிறு

விடாத மழை. தலையில் கோணி, மார்போடு அணைத்த பிள்ளையோடு ஆறுமுகத்தாய் வந்தாள். பையனுக்குக் கன்னம் உப்பி, கையில் அகப்பட்டதையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்கிறான். மடியிலிருந்து ஒரு பொதியை எடுத்தாள். அதே ரோமம், அலசிக் காயவைத்து, தன் சேலைத் துணியில் தலையணையாகத் தைத்திருக்கிறாள்.

“இவன் உதைச்சுத் தள்ளுதான்க்கா. ஒங்க பிள்ளைக்கு வச்சுக்கிடுங்க.”

கை நீட்டினேன். பிறகு மடக்கிக்கொண்டேன். கொஞ்சம் இரு என்று அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மச்சானிடம் போய், இந்த முறை கேட்டுவிடலாம் என்றேன். அவர் மறுபேச்சு பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் புறப்பட்டார். ஒரு தலையணைக்கா இந்த மழையில் என்று ஆறுமுகத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் கிடந்தன.

மூன்று மணி நேரம் கழித்து முழுக்க நனைந்து வந்தார். “குடுத்தப்பவே அது அவ பொருளாயிட்டுதாம். அவ தந்தா அன்பளிப்பு. வாங்கிக்க புள்ள.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது மழை ஓய்ந்திருக்கிறது. தலையணையில் ஆட்டு வாசம் கொஞ்சமும் இல்லை. ஆறுமுகத்தாய் மகனின் எண்ணெய் வாசம்தான். ஹபீபா அதில் மூக்கை அழுத்திக்கொண்டு தூங்குகிறாள்.