அண்ணனின் கட்டை விரல்

ஆவணி, திங்கள். காலையிலேயே புழுக்கம்.

அத்திவரதர் எழுந்து வந்து, திரும்பக் குளத்துக்குள்ளே போன அடுத்த வருஷம். கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திய வருஷம். அண்ணனுக்கு மறதி ஆரம்பித்தது அப்போதுதான். இதை முதலில் சொல்லி வைக்கிறேன். டாக்டரும் அதைத்தான் கேட்டார், வக்கீலும் கேட்பார்.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. திருப்பிப் படிக்கவும் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

இன்று ரிஜிஸ்டர் ஆபீஸ். அண்ணன் வீட்டுக்கு என் பேரில் பவர் வாங்க. அவருக்குப் பிள்ளை இல்லை. அண்ணி போய்ச் சேர்ந்தாயிற்று. சோறு போட்டுப் பார்த்துக்கொள்வது நான். அண்ணனுக்குப் புதுச் சட்டை. பட்டனை மாற்றிப் போட்டுவிட்டேன், ஆபீஸ் வாசலில்தான் பார்த்தேன்.

ரிஜிஸ்டர் சார் அண்ணனிடம் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். "மேஸ்திரி" என்றார் அண்ணன். நாங்கள் வேலை பார்த்த சாயப்பட்டறை மேஸ்திரி செத்து எந்தக் காலம்.

அதற்குள் மேசையில் மை டப்பாவைப் பார்த்துவிட்டார். கேட்காமலே இடது கட்டை விரல் நீண்டது. "எங்க சார் வைக்கணும்?"

சார் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விரல் வைக்கிறது பெருசு இல்ல பெரியவரே. எதுக்கு வைக்கிறோம்னு அவருக்குத் தெரியணும். தெரியாதவர்கிட்ட பவர் வாங்க முடியாது."

"நாங்க எந்தக் காலத்துல சார் தெரிஞ்சு வெச்சோம்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஐகோர்ட்டுக்குப் போய் கார்டியன் ஆர்டர் வாங்கச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோக்காரன் முதுகில் விரலை வைத்து அழுத்தினார் அண்ணன். "இன்னா பெருசு, என்னையே எழுதி வாங்கிட்டியா?" என்றான் அவன்.

புதன். தூறல். உடனே நின்றுவிட்டது.

வாங்க வேண்டியது: அண்ணன் மாத்திரை. பொட்டுக்கடலை. பூட்டு, பெரியது.

பூட்டு எதற்கு என்றால், காலையில் பால் வாங்கித் திரும்பினால் எதிர்வீட்டு சேகர் உள்ளே. வீட்டு புரோக்கர். அண்ணன் கையில் பிஸ்கட். சேகர் சட்டைப் பையில் நீலம் கசிந்திருந்தது. மை டப்பாவைச் சரியாக மூடவில்லை.

"சும்மா பெரியப்பாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சித்தப்பா."

"பாக்கறதுக்கு மை எதுக்குடா?"

"ஏன் கோவப்படற? இடிஞ்சு விழப் போற வீடு. நல்ல பார்ட்டி இருக்குது. பெரியப்பாவும் சரின்னாரு."

"அவரு பூனை கேட்டாகூட சரிம்பாரு. வெளிய போடா."

அண்ணன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மை இல்லை. இன்னும் வைக்கவில்லை.

எதிர்வாசலில் சேகரோட அம்மா, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அருளப்பா, சாப்டியா?" என்றாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஊருக்கெல்லாம் அவர் முனுசாமி. அருளப்பன் என்பது அண்ணியைக் கட்டுவதற்காக சர்ச்சில் சேர்ந்தபோது வைத்த பேர்.

எனக்கு ஆத்திரம். "பிள்ளையைத் திருட அனுப்பிட்டு சாப்டியான்னு கேக்கறியா" என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தெருவே பார்த்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

சாயங்காலம் அண்ணனின் இடது கட்டை விரலில் துணி சுற்றிக் கட்டினேன்.

"அடிபட்டுச்சாபா?"

"ஆமாண்ணே."

ஊதிக்கொண்டே இருந்தார். சிலிண்டர் போட வந்தவனிடம் வலது விரலை நீட்டினார்.

வெள்ளி. வெயில்.

வக்கீலம்மா. கையால் விசிறிக்கொண்டே கேட்டார், கரண்ட் இல்லை. மனு போடலாமாம். தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரிப்பாராம். டாக்டர் சர்டிபிகேட் சரி. சிக்கல் வேறு இடத்தில்.

"பத்திரத்துல அருளப்பன். ஆதார்ல முனுசாமி. ஏங்க இப்படி?"

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இப்படித்தான். ரேஷனில், ஓட்டில் சர்ச் பேரை எழுதினால் சாதி சர்டிபிகேட் போய்விடும். அதனால் சர்க்காருக்குப் பழைய பேர். அண்ணனுக்கு இந்த வீட்டை விற்றவர் அண்ணிக்கு உறவு, அவருக்குத் தெரிந்தது அருளப்பன். அதையே எழுதிவிட்டார்கள். அண்ணன் விரல் வைத்தார். படித்துப் பார்க்க யார் இருந்தோம்.

"ரெண்டு பேரும் ஒரே ஆள்னு யாராவது சொல்லணும்."

"நான் சொல்றேன்மா."

"மனு போடறதே நீங்க. நீங்க சொன்னா எடுபடாது. பேர் வெச்ச அன்னிக்குக் கூட இருந்த வெளியாள் ஒருத்தராவது வேணும். யாரும் இல்லன்னா ஆர்டர் கஷ்டம்."

சர்ச்சில் கேட்டாயிற்று. அந்தக் காலத்து ஏடெல்லாம் கரையானுக்குப் போனது.

வீடு திரும்பும்போது சேகர் வாசலில் கார். இரண்டு பேர். அண்ணன் வீட்டுச் சுவரைக் காட்டி ஏதோ பேசிக்கினு இருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டான்.

சனி. காற்றே இல்லை.

கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வாசல், தெருமுனை, மறுபடியும் வாசல். பூட்டை இழுத்துப் பார்த்தேன். டீ வாங்கி அப்படியே வைத்துவிட்டேன், ஈ விழுந்தது. அண்ணன் துணியை அவிழ்த்துவிட்டார். மறுபடியும் கட்டினேன்.

சர்ச்சில் அண்ணனுக்குப் பேர் வைத்த நாள் கண்ணிலேயே நிற்கிறது. போன தடவைக்கு முந்தின தடவை அத்திவரதர் வந்த வருஷம். ஊரெல்லாம் ஜனம். பஸ்ஸில் ஏற முடியாமல் வாலாஜாபாத்திலிருந்து எங்கள் அக்கா நடந்தே வந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றியதும் "குளிருது சாமி" என்றார் அண்ணன்.

யார் யார் இருந்தோம்?

தண்ணீர் ஊற்றிய சாமியார். கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தடி.

மேஸ்திரி. லாரியில் அடிபட்டு.

அக்கா. சர்க்கரை, கால் எடுத்தும் பிழைக்கவில்லை.

அண்ணி.

அண்ணியின் அப்பா. பாதி பூசையில் தூங்கிவிட்டவர். அவர் எப்போதோ.

ஆர்மோனியம் வாசித்த டீச்சர். போன தையில்.

அண்ணி பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். மெழுகு கையில் ஒழுகியது. நான்தான் பார்த்தேன். கடைசி வரைக்கும் கையை உதறவில்லை.

அவள் இருக்கிறாள். எதிர்வாசலில். புதன்கிழமையிலிருந்து கட்டில் காலியாகக் கிடக்கிறது. சேகரோட அம்மா. ஞானசௌந்தரி.