முச்சந்தியில் திரும்பிப் பார்த்தவன்

செப்டம்பர் 18, வியாழன்

இன்று நான் ஊதிய ஊதலில் ஒரு லாரி டயர் நிரம்பி, லாரியே ஒரு சாண் மேலே எழும்பியது. ஏரிக்கரையில் இந்தக் கோவிந்தனின் பஞ்சர் கடை இல்லாவிட்டால் அல்சூர் முழுக்கத் தவழ்ந்துதான் போக வேண்டும்.

வனஜா மட்டும் எழும்பவில்லை. என் தங்கை படுத்து நாலு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

அவள் மகன் ஹரிஷ் கேட்கிறான். "சுத்திப் போட்டா அந்தக் கண்ணேறு எங்க மாமா போகும்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது மாப்ள. போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வரணும்."

பத்தொன்பது வயது. சொன்ன பேச்சைக் கேட்காததில் மூவுலகிலும் அவனுக்குப் போட்டி கிடையாது.

செப்டம்பர் 21, அமாவாசை

யானைக்குட்டி அளவில் ஒரு பூசணிக்காய். வனஜாவைச் சுற்றி எடுத்துப்போய், அந்தியில் முச்சந்தியில் ஹரிஷ் உடைத்தான். நடந்தோம். சற்றுத் தூரம் போனதும் பக்கத்தில் அவன் இல்லை. நான் திரும்பாமலேயே கத்தினேன்.

ஓடி வந்தான். "பாத்துட்டேன் மாமா. அந்தக் கண்ணேறு எந்திரிச்சு உக்காந்துச்சு. போக இடமில்லையாம், மறுபடி அம்மாகிட்டயே வருமாம். நான் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அறைந்தேன். கன்னம் ஐஸ்கட்டியாக இருந்தது.

செப்டம்பர் 22

வனஜா எழுந்து காபி போட்டாள்.

செப்டம்பர் 25

பக்கத்து வீட்டு லட்சுமம்மா பேரனுக்கு இருமல் என்று உப்பு சுற்றிப் போட்டார். பேரனுக்கு இருமல் நின்றது. அதே நொடியில் எங்கள் வீட்டில் ஹரிஷ் இருமத் தொடங்கினான்.

அவன் அம்மாவுடையதை மட்டும் வாங்கவில்லை. முச்சந்தியில் ஊரார் போடுவதெல்லாம் அவனிடம்தான் வருகிறது. தெரு நாய்கள் அவனைக் கண்டு எதிர்ப்பக்கம் போகின்றன. அவன் தனியாக நடந்தால் பத்துப் பேர் நடக்கும் சத்தம்.

செப்டம்பர் 28

இரண்டு நாளாக ஹரிஷ் வீட்டுக்கு வரவில்லை.

உச்சிவெயிலில் முச்சந்திக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் போட்டேன். வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன். மூன்று தெரு இருக்கும் இடத்தில் நான்காவதாக ஒன்று.

வீல் ஸ்பேனரால் நாற்பது பூதங்களை வீழ்த்தி முன்னேறினேன் என்று எழுத ஆசை. நடந்தேன், அவ்வளவுதான். கணுக்கால் வரை குங்குமச் சேறு. இரண்டு பக்கமும் அவை குந்தியிருந்தன, ஊரே தூக்கிப் போட்டவை. நடுவில் ஹரிஷ். மடியில், முதுகில், தலைமுடியில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

"எந்திரி மாப்ள. போலாம்."

"வந்தா இதெல்லாம் கூடவே வரும் மாமா. முதல்ல அம்மா மேலதான் ஏறும்."

"நான் வாங்கிக்கிறேன்" என்றேன். எல்லாம் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒருவன் வாக்குக் கொடுத்த பிறகு இன்னொருவன் வாக்கு அங்கே செல்லாதாம்.

"உங்கம்மாவே வரச் சொன்னா?"

"அம்மா சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

சிரிக்கப் பார்த்தான். உதட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

செப்டம்பர் 29

வனஜாவிடம் சொன்னேன். "என்னைப் பழையபடி படுக்கப் போடுண்ணா. அவனக் கூட்டிட்டு வா" என்றாள்.

ஒரு கூடை எலுமிச்சம்பழம் போட்டாயிற்று. கழுத்து சுளுக்கும்வரை திரும்பிப் பார்த்தாயிற்று. தெரு திறக்கவில்லை. ஏன்டா திறக்கல? நீதான் மூடிட்டியா?

அக்டோபர் 1, ஆயுத பூஜை

விடிந்ததிலிருந்து ஒவ்வொரு கடையாகக் கெஞ்சினேன். இன்னைக்கு மட்டும் பூசணி உடைக்காதீங்க, புண்ணியமாப் போகும்.

"கோவிந்தண்ணா காலையிலயே ஊத்திட்டாரு" என்று ஆட்டோ ஸ்டாண்டில் சிரித்தார்கள். உடைத்தார்கள். ஆட்டோ, லாரி, பஸ் டிப்போ, பொம்மனஹள்ளி, ஹெப்பகோடி வரை ஒவ்வொரு ஃபேக்டரி கேட்டிலும். ஊரே சிவந்து கிடக்கிறது. எல்லாம் அந்த ஒற்றைப் பையன் தலையில்.

லட்சம் பூசணி என்று எழுதுகிறேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைத்து எழுதுகிறேன்.

அக்டோபர் 2

முச்சந்தியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கிருந்தோ இருமல் மட்டும் கேட்டது.

அக்டோபர் 9

வனஜாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். உடம்பு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. மாத்திரைக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் லட்சுமம்மா கதவைத் தட்டினார். ஜன்னல் வழியே பார்த்தேன், கையில் உப்பும் மிளகாயும்.

"ஏம்மா வனஜா, உடம்பு உஷார் இல்லையாமே? கதவத் திற. ஒரு சுத்து சுத்திப் போட்டுட்டுப் போறேன், ஒரே நிமிஷம்."

வனஜா போர்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நடுக்கத்தை அடக்கினாள். பிறகு எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்க்கா, சும்மா படுத்திருக்கேன்" என்றாள்.

நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை.