கொள்ளி வைக்க ஒரு தீர்ப்பு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வீடு முழுக்கச் சாம்பிராணி வாடை. ஜன்னல் திறக்க அம்மா விடவில்லை.

செய்ய வேண்டியவை: இறப்புச் சான்றிதழ். அப்பாவுக்குப் பட்டு வேட்டி. வேலைக்கு லீவு சொல்ல. அம்மாவை ஒரு வாயாவது சாப்பிட வைக்க.

அப்பா ஞாயிற்றுக்கிழமை போனார். எழுதிப் பார்த்தாலும் நம்பமுடியவில்லை.

மத்தியானம் அடக்க வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் போன் எடுத்தார். எங்கள் ஹம் நகரில் உள்ள நம் ஆட்கள் வழக்கமாகப் போகும் எரியூட்டும் நிலையத்தில் அடுப்பு திருத்த வேலையாம், இந்த மாதம் முடியாதாம். மற்ற இடங்களில் வரிசை நீளம். சட்டப்படி அடுத்த புதனுக்குள் எரிக்க வேண்டும். பக்கத்து ஊர் நிலையத்தில் மட்டும் இடம் உண்டு. சரி என்றேன். பிறகு இழுத்தார். அங்கே குடும்பத்தாரை அடுப்பறைக்குள் விடமாட்டார்களாம். கற்பூரம், தீபம் எதுவும் கூடாதாம். பெட்டியை வாசலில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியதாம். பார்சல் அனுப்புகிற மாதிரி.

அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னது: "கௌசி, எனக்கு நீதான் கொள்ளி வைக்க வேணும். வேற ஒருத்தரையும் விடாத." அவருக்கு நான் ஒருத்திதான் பிள்ளை. இந்த நாட்டில் கொள்ளி என்றால் கற்பூரம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பின் பொத்தானை அழுத்துவது. அதையும் தரமாட்டார்களாம்.

நவம்பர் 5, புதன்

நிலையத்துக்கு நானே போன் எடுத்தேன். தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண். வீட்டு விதி, தீப்பாதுகாப்பு, மன்னிக்கவும். எங்களுக்கு மத சுதந்திரம் இருக்கிறதே என்றேன். "அது அரசைக் கட்டுப்படுத்துவது, அம்மணி. நாங்கள் ஒரு நிறுவனம்." கடைசியில் ஆழ்ந்த அனுதாபங்கள் வேறு. செருப்பால் அடித்துவிட்டுச் சந்தனம் பூசுகிறாள்.

ஒன்பதாம் வகுப்பில் அரசியலமைப்பின் முதல் பிரிவுகளைப் பாடமாக்கினேன். வகுப்பிலேயே அதிக புள்ளி எனக்குத்தான். அப்பா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார். இங்கே எங்களை ஒருத்தரும் ஒன்றும் செய்ய ஏலாது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். பாவம் மனுஷன்.

பின்னேரம் ஐலின் வந்தாள். பள்ளித்தோழி, துருக்கிக் குடும்பம், இப்போது வழக்கறிஞர். ஜெர்மனில் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"போனில் சொன்னவள் பாதி சரி. அடிப்படை உரிமை நேரே கட்டுப்படுத்துவது அரசைத்தான். தனியாருக்கும் உனக்கும் வழக்கு என்றால், அது சாதாரணச் சட்டத்துக்குள் புகுந்துதான் உன்னிடம் வரும். நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். ஒரு தட்டில் உன் மதம், மறு தட்டில் அவர்களுடைய சொத்துரிமை."

"நேரே வந்தால்?"

"தடை ஏன் அவசியம் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த இடம் யாருடையது?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் அப்பா செத்தது ஒரே விதமாகத்தான். அடுப்பு யாருடையது என்று பார்த்துத்தான் எனக்கு உரிமை வருமா? அவளிடம் கத்தினேன். அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டாள். நல்லவள்.

நவம்பர் 6, வியாழன்

வெயில், சும்மா ஒரு பேருக்கு.

ஐலின் நிறுவனப் பதிவில் தேடிவிட்டாள். பெயர்தான் கம்பெனி. பெரும்பங்கு நகரசபையிடம். "நகரம் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. அதனால் உரிமை நேரே கட்டும். அவசர மனு போடுவோம். யார் பெயரில்?"

அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் கேட்டேன். சித்தப்பா, அப்பாவின் தம்பி, கோயில் சபையில் இருப்பவர். சோபாவில் சாய்ந்தபடி முடிவு சொன்னார்.

"கொள்ளி கஜன் வைப்பான். பெறாமகன் இருக்கேக்க பொம்பிளைப் பிள்ளை வைக்கிறேல்ல."

கஜன் அவருடைய மகன், அப்பாவுக்குப் பெறாமகன். தொலைபேசியை விட்டுத் தலை நிமிராதவன்.

"அப்பா என்னைத்தான் சொன்னவர், சித்தப்பா."

"வருத்தத்தில எல்லாரும் கனக்கச் சொல்லுவினம், பிள்ளை."

"அப்ப கஜன்ர பேரில மனுப் போடுவம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ வேண்டாம். அவன் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இந்த நேரம் கோடு கச்சேரி ஏறினான் எண்டு பேர் வரக்கூடாது. உன்ர பேரில போடு. நீ இஞ்ச பிறந்தனீ, உனக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

கொள்ளிக்கு ஆம்பிளை. கோட்டுக்குப் பொம்பிளை. அம்மா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். கையெழுத்துப் போட்டேன். பேனா தாளைக் கிழித்தது.

நவம்பர் 8, சனி

சாமான்: கற்பூரம். நெய். வாய்க்கரிசிக்குப் பச்சையரிசி. பூமாலை இரண்டு. தட்டு, அடி கனமானது.

அப்பாவின் பட்டு வேட்டியை ஸ்திரி போட்டேன். மடிப்பில் கல்யாணவீட்டுச் சந்தனக் கறை. அழுதேன். பிறகு கோபம்தான். கோபம் வசதி, நிமிர்ந்து நிற்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

நீதிமன்றம். பள்ளிக்கூட வகுப்பறை போல ஒரு அறை, சூடாக்கி வேலை செய்யவில்லை. நீதிபதி என் வயதை ஒத்த பெண், மூக்கடைப்பு.

நிறுவன வக்கீல் நீட்டி முழக்கினார். தாங்கள் தனியார், தங்கள் வீட்டில் தங்கள் விதி, அடிப்படை உரிமையை இங்கே இழுக்க முடியாது. நீதிபதி ஒரே கேள்வி: "நகரம் நாளை வேண்டாம் என்றால் உங்கள் நிர்வாகி பதவியில் இருப்பாரா?" வக்கீல் தண்ணீர் குடித்தார்.

ஆக உரிமை நேரே கட்டுமாம். நெருப்புப் பயம் உண்மைதான், ஆனால் அதற்காக முழுத் தடை அதிகமாம். உலோகத் தட்டில் சிறு கற்பூரம், பெட்டிக்குத் தள்ளி, ஊழியர் ஒருவர் தீயணைப்பானோடு. பொத்தானும் அழுத்தலாம்.

நான் மூச்சு விடுமுன் வக்கீல் எழுந்தார். கூட்டமாக உள்ளே விட முடியாது, ஒரே ஆள், பெயர் குறித்து, மனுதாரர் மட்டும். நீதிபதி என்னைப் பார்த்தார். ஐலின் தலையசைத்தாள். சரி என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா கூட வரமுடியாது. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர் வாசலில் நிற்கவேண்டும். கஞ்சப் பிசினாரிகள்.

நவம்பர் 11, செவ்வாய்

தீர்ப்பு கையில். குருக்கள் வீட்டுக்கு வந்தார். தீர்ப்பை நான் தமிழில் வாசித்தேன். ஓராள்தான், அதுவும் என் பெயர் என்றும் சொன்னேன்.

"சந்தோசம்," என்றார். "அப்ப கஜன் தம்பி நாளைக்கு முழுகிப்போட்டு வரட்டும்."

"ஐயா, அப்பா என்னைத்தான் கேட்டவர்."

"முறை எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை. நீ வைச்சா நான் மந்திரம் சொல்ல ஏலாது."

"பேர் இவளின்ர எல்லோ," என்றார் அம்மா, மெதுவாக.

"வாசலில ஆர் பேர் பாக்கப் போறான்?" என்றார் சித்தப்பா.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான். ஐலினுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், சமத்துவ உரிமை குருக்களைக் கட்டாதா என்று. கட்டாதாம். அவர் அரசு இல்லை. போதாததற்கு அவருக்கும் மத சுதந்திரம் உண்டாம். எல்லாருக்கும் உண்டு. நகரசபையின் கதவை உடைத்த உரிமை எங்கள் வீட்டுக் கூடத்தில் வாய் பொத்தி நிற்கிறது.

அம்மா அறைக்கு வந்து, "விடு பிள்ளை, அப்பா நல்லபடி போகட்டும்," என்றார். விட்டேன் என்று சொன்னேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டிருந்தது. மண்டபத்தில் வாய்க்கரிசி முடிந்து, குருக்கள் மந்திரம் முடித்தார். அப்பா வேட்டியில் சின்னதாகத் தெரிந்தார்.

அடுப்பறைக் கதவில் ஒரு ஊழியர். தடித்த மனுஷன், நீல மேற்சட்டை, கையில் தீர்ப்பின் பிரதி, காலடியில் தீயணைப்பான். கஜன் ஈர வேட்டியோடு தட்டை ஏந்தி முன்னே போனான். அவர் கையை நீட்டி மறித்தார். அடையாள அட்டை. கஜன் கொடுத்தான். அவர் பெயரைத் தாளோடு ஒப்பிட்டார், மேலிருந்து கீழாக, திரும்ப ஒருமுறை.

"இவர் மனுதாரர் இல்லை."

சித்தப்பா என்னிடம் திரும்பினார். பத்து வயதிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. வரி அலுவலகம், டாக்டர், வீட்டுக்காரன், எல்லாவற்றுக்கும்.

"சொல்லு பிள்ளை. இவன்தான் மகன் மாதிரி, மாறிப் பேர் போட்டிட்டம் எண்டு சொல்லு."

ஊழியர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"மனுதாரர் என்று என்னைத்தான் சொல்கிறார்," என்றேன், ஜெர்மனில். என் அட்டையைக் கொடுத்தேன்.

கஜன் தட்டை என் கையில் வைத்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி, பார்த்தேன். சித்தப்பா ஏதோ உரக்கச் சொன்னார். குருக்கள் வேறுபக்கம் பார்த்தார். கதவு மூடியது.

உள்ளே சத்தமே இல்லை. கற்பூரம் இரண்டாம் குச்சியில்தான் பற்றியது. சுற்றினேன். மந்திரம் தெரியாது. "அப்பா, நான்தான்" என்றேன். பொத்தான் பச்சை நிறம். ஊழியர் தொப்பியைக் கழற்றினார். அழுத்தினேன்.

வரும்போது நானும் அம்மாவும் காரின் பின்சீட்டில். சித்தப்பா வேறு காரில். அம்மா என் வலது கையை இழுத்து மடியில் வைத்து, முகத்தருகே கொண்டுபோய்க் கற்பூர வாசத்தை மணந்து பார்த்தார். ஹம் வரும்வரை விடவில்லை.