கறிக்கடைக்காரர் காய் நறுக்குகிறார்

மார்ச் 4, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையினுடையது மாதிரி கோணிக்கொண்டு போகிறது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம். சனிக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான் கதை. இன்னொரு கையையும் பழக்குங்கள் என்றார் டாக்டர். அதற்காக இந்தப் பழைய நோட்டு.

மூன்று நாளாகக் கடைச் சாப்பாடு. சந்தையில் கறிக்கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் வாங்கி வரும் பொட்டலத்தில் கறி இல்லாமல் இருக்குமா? குழம்பு படாத சோற்றை ஓரமாக ஒதுக்கித் தின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மார்ச் 5

நான் வேலை பார்க்கிற தையல்கூட முதலாளியம்மா போன் செய்தாள். "கை சரியாகட்டும், அவசரமில்ல. அந்த இடம் உனக்குத்தான்." புதிதாகத் திறக்கிற கிளை. பஸ்ஸில் நான்கு மணி நேரம். மேற்பார்வை வேலை, தங்க ஒரு அறை. வருகிறேன் என்று நான் சொல்லிவிட்ட இரண்டாம் நாள்தான் விழுந்தேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று அவரே சமைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. நல்ல இளம் கறியாக எடுத்து வந்து, எலும்பு சேர்த்து வேக வைத்து, கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"குடி. எலும்புக்கு எலும்பு. சீக்கிரம் ஒட்டும்."

வேண்டாம் என்றேன்.

"ஏன், காய்ச்சலா?"

"நான் கறி சாப்பிடறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"பதினோரு வருஷமா."

சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தார். அவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 7

பேச்சு இல்லை. எப்போதும் இருக்கிற பேச்சின்மை அல்ல, இது வேறு.

மார்ச் 8, சனி

கறி கட்டித் தருகிற கறுப்புப் பையில் காய் வாங்கி வந்தார். வெண்டைக்காய் அத்தனையும் முற்றல். நுனியை ஒடித்துக் காட்டினேன். ஒடியவில்லை, நார் நாராக வளைந்தது. கத்தரிக்காய் இரண்டில் சொத்தை.

"என்னையே ஏமாத்திட்டானுங்க!" என்றார். "ஒரு ஆட்டைப் பாத்தா வயசு, எடை, சீக்கு எல்லாம் சொல்லுவேன். இந்தக் கத்தரிக்கா பளபளன்னு இருந்துச்சு."

காம்பைப் பாருங்கள் என்றேன். காம்பைப் பார்த்தார். ஏதோ குற்றவாளியைப் பார்ப்பது மாதிரி.

மார்ச் 10, திங்கள்

கடை விடுமுறை. காலையிலேயே வெளியே போனவர் ஒரு புதுக் கத்தியும் மரப்பலகையும் வாங்கி வந்தார். நான் கேட்கவில்லை. "இது கறி படாதது" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

பரங்கிக்காயை ஒரே வெட்டில் இரண்டாக்கினார். வீடே அதிர்ந்தது. மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவரைக்காயை வைத்துக்கொண்டு, "இதுக்கு நரம்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன். ஒவ்வொன்றாக எடுத்து உரித்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு. என்னாலேயே அப்படி நறுக்க முடியாது.

மார்ச் 12

புடலங்காயில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று கேட்டார்: "உப்பு சரியா இருக்கா?"

"நேத்து இல்ல. இன்னைக்கு இருக்கு."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

அவர் அதை வழக்கமாகக் கேட்பதில்லை. உப்புக் கூடினால் தட்டைத் தள்ளுவார், சரியாக இருந்தால் எழுந்து போவார். அதுவே பதில் என்று நானும் பழகியிருந்தேன்.

கரண்டியைப் பிடித்து இடது கையால் சாப்பிடுவது பெரும்பாடு. பாதி மடியில் விழுகிறது. அவர் வாசல்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சாப்பிடுவதை அவர் பார்த்ததே இல்லை என்று இன்றுதான் தோன்றியது. அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகுதானே நான் தட்டெடுப்பேன்.

மார்ச் 17, திங்கள்

கேட்டேவிட்டார். பீர்க்கங்காயைத் தோல் சீவிக்கொண்டே, தலை நிமிராமல்: "ஏன் விட்டே?"

காரணம் என்று ஒன்று இருந்தால்தானே. ஒரு நாள் கறி கழுவிக்கொண்டிருந்தேன், கை அதற்குமேல் போகவில்லை. அன்றைக்கு அவருக்குச் சமைத்து வைத்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். மறுநாளும் அப்படியே. அவருக்குச் சமைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. இதைத்தான் சொன்னேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேட்டாத்தான் சொல்வியா?"

ஆமா, கேட்டாத்தான் சொல்வேன். தினம் மூணு வேளை ஒருத்தி என்ன தின்னுறா, தின்னுறாளா இல்லையான்னு ஒரு தடவைகூடப் பாக்காத ஆளுகிட்ட நானா போய் என்னன்னு சொல்றது? — இதை வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன். கை வலிக்கிறது, நல்ல கைதான்.

மார்ச் 20

மகள் போன் செய்தாள். இரண்டு வருஷம் முன்பு கட்டிக் கொடுத்தோம், தூரத்தில் இருக்கிறாள். கையில் பிடிக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா சமைக்கிறாரா! அம்மா, மழை கொட்டப்போகுது. உனக்குக் கறி ஆகாதே, என்ன பண்றாரு?"

அவர் அடுப்படியில் நின்றிருந்தார். தண்ணீர்க் குழாயை மூடினார்.

போனை வைத்ததும் வந்து, "அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"பத்து வயசுலேர்ந்தே."

"ம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. ஒரு கையால் இறக்கினேன்.

மார்ச் 25, செவ்வாய்

சந்தையில் அவருக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்களாம்: கீரைக்கட்டு. அவரே சொன்னார். பக்கத்துக் கடைக்காரர், "என்னய்யா, கறிக்கடைக்காரன் காய் வாங்குறே?" என்று கேட்டதற்கு, "காய்கறிங்கற பேர்லயே கறி இருக்குல்ல, போய் வேலயப் பாரு" என்றாராம்.

எதிர்வரிசைக் காய்க்காரம்மாவிடம்தான் இப்போது வாங்குகிறார். பதினைந்து வருஷமாக எதிரெதிர்க் கடை. இதற்கு முன்பு அவளிடம் ஒரு பச்சை மிளகாய்கூட வாங்கியதில்லை. "அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் இல்லையாம். மூணு பொண்ணாம்" என்றார். பெரிய செய்தியைக் கொண்டுவந்தவர் போல.

இன்று கேரட், பீன்ஸ். வேகவைத்து, கடுகு தாளித்து, கொஞ்சம் மிளகு. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 28, வெள்ளி

காலிஃப்ளவரை வெந்நீரில் போடுவதற்கு முன்பு பூப்பூவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு புழு இருந்தது. பச்சையாக, தீக்குச்சி நீளம். அதைக் கத்தி முனையில் ஏந்திக்கொண்டு, கீழே விழாமல் இன்னொரு கையை அடியில் பிடித்தபடி, பின்வாசலுக்கு நடந்தார். ஒரு செடியில் விட்டுவிட்டு வந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"ஒரு நாளைக்கு எத்தனை ஆடு உரிக்கிறீங்க?"

"அது தொழில்" என்றார். "இது எனக்கென்ன பண்ணுச்சு?"

நான் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் வந்தது. வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தோம். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா போன் செய்திருக்கிறாள். அவர் எடுத்திருக்கிறார். அவள் பாவம், அவருக்குத் தெரியும் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அறை, வேலை, இருபதாம் தேதி.

வெளியே வந்தபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சமைத்தார். பரிமாறினார். நான் கடைசி வாய் சாப்பிடும்வரை காத்திருந்தார்.

"எப்ப போறே?"

"கட்டுப் பிரிச்சதும்."

"கை ஒடியலன்னா சொல்லியிருப்பியா?"

தெரியலைங்க என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. சொல்லியிருப்பேனா? ஒரு சீட்டு எழுதி வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதை அவர் எத்தனை மணிக்குப் பார்த்திருப்பார்? பசி எடுத்த பிறகா?

ஏப்ரல் 3

அவர் சமைக்கவில்லை. ரொட்டி இருந்தது.

ஏப்ரல் 4

சமைத்தார். முட்டைக்கோஸ் தீய்ந்துவிட்டது. "வேற பண்ணவா?" என்றார். வேண்டாம் என்று அதையே சாப்பிட்டேன். அடிப்பக்கம் கறுப்பாக, நடுவில் வேகாமல். முழுதும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

"நான் கடைய விட்டுடணுமா?" என்று கேட்டார்.

தூக்கிவாரிப் போட்டது. அப்பா காலத்துக் கடை. அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

"யார் சொன்னது? அது உங்க தொழில்."

"பின்ன என்னதான்? வாசனையா? வந்ததும் குளிக்கிறேனே."

"கறி இல்லைங்க விஷயம்."

"வேற என்ன?"

எப்படிச் சொல்வது. அடித்தாரா, இல்லை. குடித்தாரா, இல்லை. ஊரார் முன்னால் ஒரு சொல் சொன்னதில்லை. தங்கமான மனுஷர் என்று என் அக்காவே சொல்வாள். வீட்டுச் சுவர்கூடத் தங்கமான சுவர்தான், மழையில் நனையவிடாது. அதோடு எத்தனை வருஷம் பேசாமல் இருக்க முடியும்?

சுவரைத்தான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கத்தியைக் கழுவி வைத்தார். பிறகு, "எங்கப்பாவும் இப்பிடித்தான்" என்றார். "எங்கம்மா என்ன சாப்பிடும்னு எனக்கும் தெரியாது."

ஏப்ரல் 15, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே கை வெளிறிப்போய்ச் சுருங்கியிருந்தது, உரித்த வெள்ளரிக்காய் மாதிரி. என் கை என்றே தோன்றவில்லை. அவர் அதை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், எலும்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று. அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். "நல்லா கூடியிருக்கு" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

மதியம் நானே சமைக்கிறேன் என்றேன். விடவில்லை. "நீங்களும் உக்காருங்க" என்றேன். இரண்டு தட்டு போட்டோம். அவருக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்று இன்றுதான் தெரிந்தது. நல்ல பிஞ்சாக வாங்கி வந்து எனக்கு மட்டும் சமைத்துக் கொண்டிருந்திருக்கிறார். நானும்தான் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கிளம்பினேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பஸ்ஸில் நான்கு மணி நேரம் யோசித்தேன். போயிருப்பேன். கொஞ்சம் அழுதுகொண்டு போயிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறை சின்னது. ஜன்னல் பெரியது.

ஏப்ரல் 23

வலது கையில் எழுதுகிறேன். இதுவும் கோணல்தான்.

ஏழு மணிக்குப் போன் செய்தார். "என்ன சாப்பிட்டே?" சுரைக்காய் என்றேன். "பிஞ்சா?" என்றார். நகம் அழுத்திப் பார்த்தேன், பிஞ்சுதான் என்றேன். வைத்துவிட்டார்.

மே 3

தினம் ஏழு மணி. நேற்று அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டேன். மூன்று காயின் பெயர் சொன்னார். ஒன்று பொய்யாக இருக்கும்.

மே 19, திங்கள்

பதினொரு மணிக்குத் தையல்கூட வாசலில் நிற்கிறார். கையில் துணிப்பை. அதற்குள் காய்க்காரம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்காய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வருவதாகச் சொல்லவில்லை.

"கடை லீவு" என்றார். "சாவி குடு."

சாவியைக் கொடுத்தேன். உள்ளே பெண்கள் எல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வேலையைப் பாருங்கள் என்று அதட்டினேன். மதியத்துக்கு மேல் ஒரு சட்டைக் கையை உள்புறம் வெளியாக வைத்துத் தைத்தேன். நானே பிரித்தேன்.

சாயங்காலம் மாடி ஏறும்போதே மிளகு வாசனை. கீழ் வீட்டம்மா பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள். ஒரு மாதமாக என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"உள்ள யாரு?"

"வீட்டுக்காரர்."

"அப்படியா! தனியா இருக்கீங்களேன்னு... கூடவே இருக்கப் போறாரா?"

"இல்ல. அவருக்கு அங்க கடை இருக்கு. வாரத்துல ஒரு நாள் வருவாரு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் வருவாரா என்று எனக்கே தெரியாது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு நாள் இல்ல. திங்கக்கிழமை வந்து செவ்வாக்கிழமை காலைல போவேன்."

கீழ் வீட்டம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

இங்கே ஒரு தலையணைதான் இருக்கிறது. தெருமுனைக் கடை எட்டு மணி வரை திறந்திருக்கும். அவர் தட்டு எடுத்து வைக்கிறார் — போய் இன்னொரு தலையணை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.