பாதி இடம்

மார்ச் 4, திங்கள்

நானும் வாயாடியும் இனி ஒரே ஆள்! சலவைக்கூடத்தில் ஒரு வேலை, குழந்தைகள் காப்பகத்தில் ஒரு இடம். இரண்டையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேலை உதவி அலுவலகம் சம்மதித்துவிட்டது. காலையில் நான் துணி மடிப்பேன், என் மகள் காப்பகத்தில் இருப்பாள். மதியத்துக்கு மேல் அவளும் அவள் மகனும். காப்பகக் கட்டணம் அலுவலகத்தின் பொறுப்பு. யோசனை வாயாடியுடையதுதான். "நீ இல்லாம நான் மட்டும் போவேனாக்கா?" என்று கட்டிக்கொண்டாள். அந்த அலுவலகத்தின் பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசியவளுக்கு வாயாடி என்று நான் பேர் வைத்த நாளிலிருந்தே எனக்கு அவள் கூடப்பிறந்தவள் மாதிரி.

மார்ச் 7

வேலை தொடங்கும் முன் பிள்ளைகளைக் காப்பகத்துக்குப் பழக்க வேண்டுமாம், தாய்மாரும் கூடவே உட்கார வேண்டும். வாயாடி வாசலில் போனும் கையுமாக நிற்கிறாள். அவள் மகனோ யார் தூக்கினாலும் ஊரைக் கூட்டுகிறான். என் தோளில் போட்டேன். என் காது மடலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். என் மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மார்ச் 8

இன்றும் காது. சிவந்தே போயிற்று.

மார்ச் 11

முதல் நாள். சலவைக்கூடத்தில் பேர் பதிந்துவிட்டு மகளைக் காப்பகத்தில் விடலாம் என்று போனால், வாசலிலேயே காவலாளி நிறுத்தினார். "உங்க பேர் இல்லையேம்மா." மகளைத் தூக்கிக்கொண்டு வேலை உதவி அலுவலகத்துக்கு ஓடினேன்.

"நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றார் அங்கிருந்த ஆலோசகர். "பிள்ளைக்கு அடிக்கடி உடம்பு முடியல, வரமாட்டீங்கன்னு உங்க தோழி வந்து சொன்னாங்களே. முழு வேலையும் அவங்களுக்கே குடுத்தாச்சு. காப்பகத்து இடமும்தான்."

யாருக்கு உடம்பு முடியல? என் பிள்ளைக்கா? அடிப்பாவி! எப்படி வாய் வந்தது உனக்கு? கேட்டிருந்தால் — கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன், சரி. நேருக்கு நேர் சண்டை போட்டிருப்போம். அதுக்குக்கூட நான் லாயக்கில்லையா?

மார்ச் 12

வாயாடி போனை எடுக்கவில்லை.

மார்ச் 13

எடுத்தாள். "பாதிச் சம்பளத்துக்குப் போக வேண்டாம்னு வீட்ல ஒரே சண்டைக்கா. எனக்கு வேற வழி தெரியல." அழுகை வேறு. என் வயிற்றில் அடித்துவிட்டு என்னிடமே அழுகிறாள்! வைத்துவிட்டேன்.

மார்ச் 21

காப்பகப் பொறுப்பாளர் வீடு தேடி வந்தார். வாயாடி மகன் யாரிடமும் அடங்கவில்லையாம், நாளெல்லாம் அழுகையாம். "எங்களுக்கும் ஒரு ஆள் வேணும். அந்த வாரம் உங்களைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். முழு நாள் வேலை. வேலை பாக்கறவங்க பிள்ளைக்குத் தனியா இடம் உண்டு."

அவள் பெற்றதுக்கு நான் ஆயாவா? முடியவே முடியாது என்றேன். வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவர் போன பிறகு மகள் கேட்டாள்: "அங்க சறுக்கு இருக்குல்லம்மா? நாம ஏன் போறதில்ல?"

மார்ச் 22

அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்?

பொறுப்பாளருக்குப் போன் செய்தேன்.

மார்ச் 25, திங்கள்

மகள் உள்ளே நுழைந்ததும் சறுக்கில் ஏறிவிட்டாள். நான் வாசலில் நின்று பிள்ளைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். வாயாடி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. வாயே திறக்கவில்லை, அவள்! பையன்தான் என்னிடம் தாவி, காதைப் பிடித்துக்கொண்டான்.

இத்தனை நாளாக எழுதிவைத்த திட்டெல்லாம் தொண்டை வரை வந்தது. "சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள்.

பிறகு பையை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். என்னை அவ்வளவு நம்புகிறாள்.