பெயர் கிழிந்த கசெட்

12 மார்ச், வியாழன்

காலையிலேயே வெயில். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள், பாதி திருத்தியாயிற்று. சீனி முடிந்தது. மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.

பின்வீட்டு நசீமா மதிலால் எட்டிக் கூப்பிட்டாள். அவள் கணவர் சவூதியிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில் நேற்று ஒரு இந்தியப் படம் பார்த்தார்களாம். கசெட்டில் லேபல் கிழிந்திருக்கிறது, தொடக்கமும் அழிந்துபோயிற்று. பெயர் ஒருவருக்கும் தெரியாது. மெட்ராஸில் ஒரு மாடிக் குடியிருப்பு. கரண்ட் போகிறது. நான்கு கள்ளர் வீடு வீடாகப் புகுந்து மிரட்டுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

"டீச்சர், அதில ஒரு கள்ளன் எங்கட ஊர்த் தமிழ் கதைக்கிறான். முகத்தில துணி. ஆனா குரல் உங்கட தம்பிட மாதிரிக் கிடக்கு."

உள்ளேயிருந்து அவள் கணவர்: "அங்க அகதி முகாமில இருக்கிற எங்கட ஆக்களை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு நடிக்கக் கூட்டிப் போறவங்களாம்."

தம்பியின் மனைவி வதனி கிணற்றடியில். கேட்டுவிட்டாள்.

தம்பி ரமணன் மன்னாரில் இந்தியாவுக்குப் படகேறி ஒரு வருடத்துக்கு மேல். கடிதம் இல்லை. படகு கவிழ்ந்தது என்று ஒரு கதை, கரை சேர்ந்தது என்று இன்னொன்று. ஞாயிறு வதனியின் அப்பா இறக்கக்கண்டியிலிருந்து வருகிறார், மகளைக் கூட்டிப் போக. தாலியைக் கழற்றி, ரமணனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்து முடித்துவிட வேண்டுமாம்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை.

13, வெள்ளி

புழுக்கம். பாடசாலை விட்டதும் நசீமா வீடு. வதனி முன்வரிசையில், பாயில்.

படத்தில் கரண்ட் போன இடத்திலேயே இங்கேயும் போயிற்று. கறுத்தது படமா டீவியா என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. நசீமாவின் கணவர்: "டைரக்டர் கெட்டிக்காரன். எங்கட கரண்டையும் நிப்பாட்டிப்போட்டான்!" எல்லோரும் சிரிப்பு. ஊரடங்கு வரை இருந்து பார்த்தோம். வரவில்லை.

வீட்டில் வதனி சோறு தொடவில்லை. ரமணனைப் பற்றியே கதைத்தோம், இறந்தவனா இருப்பவனா என்று தெரியாத ஒரு இலக்கணத்தில்.

அவன் ஒருவரையும் 'நீ' என்றதில்லை, கட்டின மனைவியைக்கூட. குசினிக்குள் அடுப்படிவரை வரும் தெருநாயையும் "அங்கால போங்கோ" என்றுதான் கலைப்பான்.

"நாய்க்கு மரியாதை விளங்குமோடா?"

"அவைக்கு விளங்கும் அக்கா."

விளக்குத் திரி மாற்ற வேண்டும்.

14, சனி

கரண்ட் இருந்தது. படம் முழுவதும் பார்த்தோம்.

மோசமான படம். பாதி நேரம் இருட்டு, மீதி நேரம் அலறல். மூன்றாவது கள்ளன் ஒல்லி. கத்தியைக் காட்டி ஒரு அம்மாவை உட்காரச் சொல்கிறான்: "கதிரையில இருங்கோ. கத்த ஏலாது."

நசீமா விழுந்து விழுந்து சிரித்தாள். "கள்ளனுக்கு என்ன மரியாதை!"

வதனி சிரிக்கவில்லை. "எங்கட பக்கத்துப் பொடியன்தான். அவரெண்டு சொல்லேலாது மச்சாள்." எனக்கும் அப்படித்தான். தேய்ந்த கசெட், குரல் இழுபடுகிறது. எந்தத் தாயின் பிள்ளையோ.

பிறகு அந்த வீட்டு நாய் வருகிறது. கள்ளனின் காலைச் சுற்றிக் குரைக்கிறது. அதற்கு அவன் சொல்வது படத்துக்கு எழுதின வசனமாக இருக்காது.

"அங்கால போங்கோ."

வதனி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் இப்போதும் சிவப்பு.

நசீமாவிடம் கேட்டேன், கசெட்டை நாளை கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று. ஓம் என்றாள்.

விடைத்தாள் ஒன்றும் திருத்தவில்லை.

15, ஞாயிறு

வெயில். காலையிலிருந்து கரண்ட் இல்லை.

வதனியின் அப்பா பத்து மணிபோல் வந்தார், கருவாட்டுப் பார்சலுடன். வாசலிலேயே நின்றார்.

"வெளிக்கிடு பிள்ளை. பஸ் போயிடும்."

வதனி குங்குமம் வைத்திருந்தாள், வழக்கத்தைவிடப் பெரிதாக.

"கதிரையில இருங்கோ அப்பா. ஒரு படம் பாக்கவேணும்."

"படமோ? உனக்கென்ன விசரே?"

நான்தான் சொன்னேன். முகாம், கள்ளன், நாய் எல்லாம். சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரக் கதையாகக் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றினார்.

பஸ் போய்விட்டது. நசீமா வீட்டில், கறுத்த டீவிக்கு முன்னால் இருக்கிறோம். இதை அங்கேயிருந்துதான் எழுதுகிறேன். தேத்தண்ணி வந்தது.

இப்போதுதான் அவர் வாய் திறந்தார்:

"அந்த நாய் எப்ப வரும்?"