வெட்டிய படங்கள்

பெரியவனுக்கு,

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படங்களில் செய்யும் திருத்தங்களைக் குறித்துவைக்கும் கேட்டலாக் கெட்டுப்போய்விட்டது. நீ வீட்டை விட்டுப் போன கோபத்தில், குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் உன்னை வெட்டியிருந்தேன். அப்போது உன் அம்மாவிடம் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவைத்தேன்.

வேறு வழியில்லாமல் நேற்று, வெட்டுவதற்கு முன் எடுத்துவைத்த பேக்கப்பைப் போட்டேன். நாம் செய்யும் வெட்டு கேட்டலாக்கில்தான் இருக்குமாம். மூலப் படத்தைத் தொடாதாம். ஒவ்வொரு படத்திலும் நீ திரும்ப வந்து நின்றாய், என் தோளில் கைபோட்டபடி.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரே இறங்கி வந்துடுச்சு. நீங்க எப்போ?"

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார் டாக்டர்.

அப்பா